ஸ்பீக்கர் வடிவமைப்பைக் கணக்கிட எந்த மொழி, எந்த மென்பொருள்?

நீங்கள் கேட்டது இது: கல்லூரியில் சி படித்திருக்கிறீர்கள். தாழ்ந்த ஒலிக்கு ஆறரை அங்குல வூஃபர் ஒன்று, உயர்ந்த ஒலிக்கு ட்வீட்டர் ஒன்று என்று அலமாரியில் வைக்கும் அளவுக்கு ஒரு ஜோடி ஸ்பீக்கர் செய்ய வேண்டும். பெட்டியின் கொள்ளளவு, போர்ட் (பெட்டியில் வைக்கும் காற்றுக்குழாய்), கிராஸோவர் (ஒலியை வூஃபருக்கும் ட்வீட்டருக்கும் பிரித்துத் தரும் மின்சுற்று) எல்லாவற்றையும் நீங்களே நிரல் எழுதிக் கணக்கிட ஆசை. எக்செல்லில் தொடங்கிப் பாதியில் நின்றுவிட்டது. பைத்தானா, மேட்லாபா, சி++ஆ? இல்லை, இலவசமாகக் கிடைக்கும் மென்பொருளே போதுமா?

என் பதில் பைத்தான். ஆனால் எல்லோரும் சொல்லும் காரணத்துக்காக அதைச் சொல்லவில்லை. ஸ்பீக்கர் வேலையில் கணக்கு பாதி, அளவீடு பாதி. மைக் வைத்து எடுத்த வரைகோடும் நிரல் போட்ட வரைகோடும் ஒரே படத்தில் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றனவா என்று ஒரு நாளில் இருபது முறை பார்ப்பீர்கள். அதைச் சிரமமில்லாமல் செய்யவிடும் கருவிதான் கடைசிவரை கூட வரும். மற்றவற்றை ஆர்வம் இருக்கும்வரை வைத்துக்கொள்வீர்கள், பிறகு விட்டுவிடுவீர்கள். பலர் அப்படி விட்டதைப் பார்த்திருக்கிறேன்.

முதலில் கணக்கு எவ்வளவு சிறியது என்று பாருங்கள். ஆஸ்திரேலியப் பொறியாளர் நெவில் தீல் 1961இல் எழுதிய கட்டுரையும், சிட்னி பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் ஸ்மால் செய்து 1970களின் தொடக்கத்தில் வெளியிட்ட ஆய்வுகளும்தான் இன்றுவரை அடித்தளம். அதனால்தான் தயாரிப்பாளர் தரும் டேட்டாஷீட்டில் இருக்கும் எண்களைத் தீல்-ஸ்மால் அளவுகள் என்கிறோம். உங்கள் வூஃபரின் எஃப்எஸ் (பெட்டியில்லாமல் அதன் ஒத்ததிர்வு) 35 ஹெர்ட்ஸ், க்யூடிஎஸ் (அந்த ஒத்ததிர்வு எவ்வளவு கூர்மை என்ற எண்) 0.38, வாஸ் (கோனைத் தாங்கும் பாகங்களுக்குச் சமமான இளக்கமுள்ள காற்றின் கொள்ளளவு) 30 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். மூடிய பெட்டிக்கு ஒரே ஒரு வர்க்கமூலம் போதும்: ஒன்றோடு, வாஸைப் பெட்டியின் கொள்ளளவால் வகுத்ததைக் கூட்டி, அதற்கு வர்க்கமூலம் எடுங்கள். அதை எஃப்எஸ்ஸால் பெருக்கினால் பெட்டிக்குள் வூஃபரின் ஒத்ததிர்வு வரும், க்யூடிஎஸ்ஸால் பெருக்கினால் பெட்டியின் க்யூ வரும். க்யூ 0.707 வேண்டுமென்றால் பெட்டி சுமார் 12.2 லிட்டர், ஒத்ததிர்வு 65 ஹெர்ட்ஸ். இதற்கு நிரல்மொழியே வேண்டாம், கால்குலேட்டர் போதும்.

போர்ட் வைத்த பெட்டிக்கு வந்தவுடன்தான் எக்செல் திணறும். அங்கே ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் மெய்ப்பகுதி, கற்பனைப்பகுதி இரண்டும் உள்ள கலப்பெண்களைக் கூட்டிப் பெருக்கி வகுக்க வேண்டும். எக்செல்லில் கலப்பெண்ணுக்கான சார்புகள் இருக்கத்தான் செய்கின்றன. ஆனால் ஒரு சாதாரணக் கூட்டலுக்கே ஒரு சார்பை அழைக்க வேண்டும், அடைப்புக்குறிகள் ஒன்றுக்குள் ஒன்றாக ஏழெட்டு அடுக்கு போய்விடும். ஒரு மாதம் கழித்துத் திறந்தால் நீங்கள் எழுதியது உங்களுக்கே புரியாது. நீங்கள் நின்றுபோன இடம் இதுவாகத்தான் இருக்கும் என்று ஊகிக்கிறேன். பைத்தானிலோ, ஆக்டேவ், ஜூலியா போன்ற கணக்கு மொழிகளிலோ கலப்பெண் சாதாரண எண்ணைப் போலவே நடந்துகொள்ளும். காகிதத்தில் எழுதும் சமன்பாடு அப்படியே நிரலாகும். சி மொழியிலும் 1999ஆம் ஆண்டுத் தரத்திலிருந்து கலப்பெண் உண்டு. கணக்கை அதில் எழுதிவிடலாம். ஆனால் வரைபடம், ஃபைல் வாசிப்பு, அணிக்கணக்கு எல்லாவற்றுக்கும் வேறு நூலகங்களைத் தேடித் திரிவீர்கள். 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை ஐந்நூறு புள்ளிகளுக்கு இந்தக் கணக்கைப் போடப் பைத்தானுக்குக் கண்ணிமைக்கும் நேரம்கூட ஆகாது. எனவே சி தரும் வேகத்தால் இங்கே உங்களுக்கு ஒரு லாபமும் இல்லை.

நிரல் எழுதும் முன் ஒரு வாரம் எல்டிஸ்பைஸில் செலவிடுங்கள் என்பேன். இலவச மின்சுற்று மென்பொருள் அது. ஸ்பீக்கரை ஒரு மின்சுற்றாகவே வரைந்துவிடலாம். கோனும் அதை அசைக்கும் கம்பிச்சுருளான காயிலும் சேர்ந்த நகரும் எடை ஓர் இண்டக்டர். கோனைத் தாங்கும் சஸ்பென்ஷனான ஸ்பைடர், சரவுண்ட் இரண்டின் இளக்கம் ஒரு கெப்பாசிட்டர். உராய்வு ஒரு ரெசிஸ்டர். பெட்டிக்குள் அடைபட்ட காற்று அதே தொடரில் இன்னொரு கெப்பாசிட்டர். மின்பக்கத்தையும் இயந்திரப்பக்கத்தையும் இணைப்பது காந்தப்புலத்தில் இருக்கும் காயில். அதற்கு இரண்டு கட்டுப்படுத்தப்பட்ட மூலங்கள் போதும். இப்படி ஒருமுறை கையால் வரைந்து, இம்பிடன்ஸ் (அதிர்வெண்ணோடு மாறும் மின்தடை) வரைகோட்டில் ஒத்ததிர்வின் உச்சி எழுவதைக் கண்ணால் பார்த்தவருக்கு, பிறகு எந்த மொழியில் எழுதினாலும் சமன்பாடு மறக்காது. கிராஸோவரையும் அங்கேயே இணைத்துப் பார்க்கலாம். வூஃபர் எட்டு ஓம் ரெசிஸ்டர் இல்லை என்பதும், பாடப்புத்தகச் சூத்திரம் தரும் கெப்பாசிட்டர் மதிப்பு ஏன் தவறாகப் போகிறது என்பதும் முதல் நாளே தெரிந்துவிடும்.

எல்டிஸ்பைஸின் சாதாரண இண்டக்டர் கைவிடும் இடம் காயிலின் இண்டக்டன்ஸ். டேட்டாஷீட்டில் ஒற்றை எண் இருக்கும், உதாரணமாக 0.5 மில்லிஹென்றி, பெரும்பாலும் 1,000 ஹெர்ட்ஸில் அளந்தது. உண்மையில் காயிலுக்கு நடுவே இரும்புத்துண்டு இருக்கிறது, அதில் சுழல் மின்னோட்டம் ஓடுகிறது. அதனால் காயில் பாதி இண்டக்டராகவும் பாதி ரெசிஸ்டராகவும் நடந்துகொள்ளும். ஜார்ஜியா டெக் பேராசிரியர் மார்ஷல் லீச் 2002இல் தந்த கணித மாதிரியில் இம்பிடன்ஸ் அதிர்வெண்ணின் ஒரு பின்ன அடுக்காக உயர்கிறது. அடுக்கு 1 என்றால் சுத்தமான இண்டக்டர். அது 0.7 என்று வைத்துக்கொண்டால் என்ன ஆகிறது பாருங்கள்: 1,000 ஹெர்ட்ஸில் இரண்டும் 3.14 ஓம். 10,000 ஹெர்ட்ஸில் சுத்த இண்டக்டர் 31.4 ஓம் காட்டும், லீச் மாதிரி 15.7 ஓம்தான் காட்டும். சரிபாதி. என் முதல் இருவழி ஸ்பீக்கரில் நான் டேட்டாஷீட் எண்ணை நம்பிக் கிராஸோவர் போட்டேன். திரையில் வூஃபர் அழகாகச் சரிந்தது. அளந்தபோது ட்வீட்டரின் எல்லைக்குள் அது இன்னும் பேசிக்கொண்டிருந்தது, பெண் குரல்கள் கரகரத்தன. வாங்கிய இண்டக்டர்கள் வீண். அந்த ஒரு பின்ன அடுக்கைப் பைத்தானில் எழுத ஒரே வரி. எல்டிஸ்பைஸில் ரெசிஸ்டரையும் இண்டக்டரையும் ஏணிபோல அடுக்கியோ, சமன்பாட்டை ஏற்கும் கட்டுப்படுத்தப்பட்ட மூலத்தை வைத்தோ சுற்றிவளைத்து அதைக் கொண்டுவர வேண்டும்.

பைத்தானின் உண்மையான பலம் இங்கிருந்து தொடங்குகிறது. சவுண்ட் கார்டு, ஒரு ரெசிஸ்டர், ரூம் ஈக்யூ விஸார்ட் என்ற இலவச மென்பொருள், இவை இருந்தால் வூஃபரின் இம்பிடன்ஸை வீட்டிலேயே அளக்கலாம். அது எழுத்துக்கோப்பாக வெளியே வரும்: அதிர்வெண், அளவு, ஃபேஸ் (அலை எவ்வளவு முன்னே பின்னே என்பது, டிகிரியில்) என்று மூன்று நெடுவரிசை. அதைப் பைத்தானின் எண்கணக்கு நூலகமான நம்பை ஒரே வரியில் வாசிக்கும். குறிப்பு வரிகள் நட்சத்திரக் குறியில் தொடங்கும் என்று மட்டும் சொல்லிவிடுங்கள். பிறகு பைத்தானின் அறிவியல் நூலகமான சைபையில் உள்ள மீச்சிறு வர்க்கப் பொருத்தலிடம் உங்கள் மாதிரியையும் அளவீட்டையும் கொடுத்தால் எஃப்எஸ், க்யூ மதிப்புகள், லீச்சின் அடுக்கு எல்லாவற்றையும் அதுவே கண்டுபிடித்துத் தரும். உள்ளூர்க் கடைகளில் வாங்கும் பல வூஃபர்களுக்கு டேட்டாஷீட்டே இருக்காது, இருந்தாலும் கையில் உள்ள பொருளோடு ஒத்துப்போகாது. அப்படிப்பட்டவற்றை வைத்து வேலை செய்யும் நமக்கு இது பெரிய விடுதலை.

இங்கே ஒரு பொறியைச் சொல்லியாக வேண்டும். அளவீட்டு அதிர்வெண்கள் வேறு, உங்கள் மாதிரியின் அதிர்வெண்கள் வேறு என்பதால் இடைச்செருகல், அதாவது இரண்டு புள்ளிகளுக்கு இடைப்பட்ட மதிப்பைக் கணக்கிடுவது, செய்ய வேண்டிவரும். ஃபேஸ் பிளஸ் 180 டிகிரியிலிருந்து மைனஸ் 180க்குத் தாவும் இடத்தில் நேரடியாக இடைச்செருகினால் பூஜ்யத்துக்கு அருகே ஒரு பொய்ப் புள்ளி பிறக்கும். மொத்த வரைகோட்டில் அது ஒரு கூரான பள்ளமாகத் தெரியும், நீங்கள் அதைக் கிராஸோவரின் குற்றம் என்று நினைத்து நாள்கணக்கில் தேடுவீர்கள். முதலில் ஃபேஸின் தாவலை நீக்கிவிட்டுப் பிறகு இடைச்செருகுங்கள். ட்வீட்டரும் வூஃபரும் மைக்கிலிருந்து எவ்வளவு தூரம் என்பதையும் விட்டுவிடக் கூடாது. 3,000 ஹெர்ட்ஸில் அலைநீளம் 11.4 சென்டிமீட்டர், ஆகவே ஒரு சென்டிமீட்டர் பிசகு 31 டிகிரி ஃபேஸ்.

இனி ஆயத்தமாகக் கிடைக்கும் மென்பொருள்கள். இவற்றைத் தாழ்வாக நினைத்துவிடாதீர்கள். பெட்டி, போர்ட் கணக்குக்கு வின்ஐஎஸ்டி. ஆஸ்திரேலியர் டேவிட் மெக்பீன் எழுதிய ஹார்ன்ரெஸ்ப், பெயரில் ஹார்ன் இருந்தாலும் மூடிய பெட்டி, போர்ட், டிரான்ஸ்மிஷன் லைன் எல்லாவற்றுக்கும் உதவும். கிராஸோவருக்கும் பல கோண அளவீடுகளுக்கும் பின்லாந்தின் கிம்மோ சவுனிஸ்டோ எழுதிய விடுஇக்ஸ்கேட். மூன்றும் விண்டோஸுக்கானவை, மூன்றுக்கும் காசு வேண்டாம். ஸ்பீக்கர் செய்து பாட்டுக் கேட்பது மட்டுமே உங்கள் நோக்கம் என்றால் விடுஇக்ஸ்கேட்டும் ரூம் ஈக்யூ விஸார்டும் போதும், நிரல் எழுத வேண்டியதே இல்லை. இதைச் சொல்லாமல் உங்களை நிரலுக்குள் இழுத்துவிடுவது சரியாகாது.

அப்படியென்றால் எதற்காக எழுத வேண்டும்? மென்பொருளில் பொத்தான் இல்லாத கேள்வி ஒன்று உங்களுக்கு வரும், அதற்காக. எனக்கு வந்த கேள்வி: கெப்பாசிட்டர், இண்டக்டர் எல்லாம் ஐந்து சதவீதம் கூடக்குறைய வந்தால், ஒரு ஜோடியில் இடது வலது இரண்டும் எவ்வளவு வேறுபடும்? சீரற்ற மதிப்புகளோடு ஆயிரம் கிராஸோவர்களை ஓட்டிப் பார்க்கப் பைத்தானில் பத்து வரி. அதில் தெரிந்தது: எல்லாப் பாகங்களுக்கும் விலை உயர்ந்தது வாங்கத் தேவையில்லை, ட்வீட்டர் பக்கத்தில் தொடராக இருக்கும் முதல் கெப்பாசிட்டரை மட்டும் அளந்து இரண்டுக்கும் ஒரே மதிப்பாகச் சேர்த்தால் என் வடிவமைப்பில் பெரும்பாலான வேறுபாடு போய்விட்டது. உங்கள் சுற்றில் அது வேறு பாகமாக இருக்கலாம். இன்னொன்று, சிறந்த மதிப்பைத் தேடும் உகப்பாக்கம் உங்களுக்கு 7.34 மைக்ரோஃபேரட் என்று சொல்லும், கடையில் 6.8 உண்டு, 8.2 உண்டு, 7.34 கிடையாது. கடையில் கிடைக்கும் மதிப்புகளுக்குள் மட்டுமே தேடு என்று சைபையின் டிஃபரன்ஷியல் எவல்யூஷன் என்ற தேடல் முறைக்குக் கட்டளையிடலாம். அப்போது மொத்த இம்பிடன்ஸ் இவ்வளவுக்குக் கீழே போகக் கூடாது என்ற நிபந்தனையையும் சேர்த்துவிடுங்கள். சேர்க்காவிட்டால் வரைகோடு நூல்பிடித்தாற்போல் நேராக வரும், ஆம்ப்ளிஃபையரோ இரண்டு ஓமுக்குக் கீழே தவிக்கும்.

இதுவரை பேசியதெல்லாம் பெட்டியை ஒரு புள்ளியாகப் பாவித்த கணக்கு. பெட்டியின் முகப்பு ஒலியை எப்படித் திருப்புகிறது என்பது அடுத்த படி. முகப்பின் அகலம் 20 சென்டிமீட்டர் என்றால், 115ஐ மீட்டரில் உள்ள அகலத்தால் வகுக்கும் கட்டைவிரல் விதிப்படி 575 ஹெர்ட்ஸை ஒட்டி ஒலி பின்பக்கமும் சுற்றிப் பரவத் தொடங்கும். அதற்குக் கீழே போகப்போக முன்பக்க அளவு மொத்தம் ஆறு டெசிபல் வரை குறையும். எளிய விளிம்புச் சிதறல் கணக்கு இதை நன்றாகவே காட்டும், நீங்களே எழுதலாம். ஆனால் சிலருக்கு இங்கே ஆசை பெரிதாகி, பெட்டியின் மேற்பரப்பைச் சிறு துண்டுகளாக்கி ஒலி அலையைக் கணக்கிடும் எல்லை உறுப்பு முறைக்குத் தாவிவிடுவார்கள். பைத்தானில் பெம்ப் என்ற இலவச நூலகமும், பெட்டியின் மேற்பரப்பை முக்கோணங்களாக வெட்டித்தர ஜிமெஷும் இருப்பது உண்மைதான். தாவும் முன் ஒரு சின்னக் கணக்கைப் போட்டுவிடுங்கள்.

அந்த 12 லிட்டர் பெட்டிக்கு 18 மில்லிமீட்டர் பலகை வைத்தால் வெளியளவு 20, 37, 26 சென்டிமீட்டர் என்று வரும், மேற்பரப்பு 0.44 சதுர மீட்டர். ஓர் அலைநீளத்துக்கு ஆறு முக்கோணம் என்பது வழக்கமான விதி. 2,000 ஹெர்ட்ஸுக்குச் சுமார் 1,250 முக்கோணங்கள் போதும், முக்கோணத்துக்கு ஒரு மாறி என்று எடுத்தால் அணிக்கு 25 மெகாபைட் நினைவகம். எந்த லேப்டாப்பும் தாங்கும். அதே பெட்டிக்கு 20,000 ஹெர்ட்ஸ் என்றால் முக்கோணம் 1,25,000, அணிக்கு 250 ஜிகாபைட். அதிர்வெண் பத்து மடங்கு, நினைவகம் பத்தாயிரம் மடங்கு. பெட்டி இடம்வலம் ஒரே மாதிரி இருப்பதைப் பயன்படுத்தலாம், அணியைச் சுருக்கும் உத்திகள் உண்டு, ஆனாலும் வீட்டுக் கணினியில் இதை மூன்று நான்காயிரம் ஹெர்ட்ஸோடு நிறுத்திவிடுவதே நல்லது. அதற்கு மேலே ட்வீட்டரை அளப்பது எளிது, நம்பகமும் கூட. கிடைமட்டம், செங்குத்து என இரண்டு வட்டத்திலும் பத்து டிகிரிக்கு ஒன்றாக 70 அளவீடு எடுக்கும் சிடிஏ 2034 என்ற தர அளவீட்டு முறைக்கு ஒரு சுழலும் பீடமும் ஒரு பொறுமையான மாலையும் போதும்.

பெம்ப்பைத் தொட்டால் மறக்கக் கூடாத ஒன்று: மின்பொறியாளர்கள் காலத்தைப் பிளஸ் அடுக்கில் எழுதுவார்கள், அதனால் வெளியே போகும் அலை மைனஸ் அடுக்கில் வரும். பெம்ப் பின்பற்றுவது கணிதக்காரர்களின் மரபு, அங்கே வெளியே போகும் அலைக்குப் பிளஸ். இரண்டையும் அப்படியே பெருக்கிக் கூட்டினால் பிழைச்செய்தி எதுவும் வராது, விடை மட்டும் தவறும். பெம்ப் தரும் அழுத்தத்துக்குக் கலப்பெண் இணையை (கற்பனைப்பகுதியின் குறியை மாற்றியதை) எடுத்துவிட்டு உங்கள் மின்சுற்றோடு சேர்க்க வேண்டும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு வாரம் ஆயிற்று, அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

மற்ற மொழிகளைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். மேட்லாப் சிறந்த கருவி. கல்லூரியோ வேலையிடமோ உரிமம் தந்தால் தயங்காமல் பயன்படுத்துங்கள், சொந்தக் காசில் வாங்கும் அளவுக்கு இந்த வேலைக்கு அவசியமில்லை. ஆக்டேவ் அதே எழுத்துமுறையை இலவசமாகத் தருகிறது. சைலாபும் இலவசம். ஐஐடி பம்பாயின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டத்தில் இப்படிப்பட்ட கட்டற்ற மென்பொருள்களுக்குத் தமிழ்க் குரலிலேயே பாடங்கள் கிடைக்கின்றன, ஆங்கிலம் தடையாக இருப்பவர்கள் அங்கே தொடங்கலாம். ஜூலியா எனக்கு மிகவும் பிடித்த மொழி. கோன் பெரிதாக அசையும்போது காந்தப்புலமும் சஸ்பென்ஷனும் மாறிக்கொண்டே இருக்கும், அதைக் கணக்கிட வகைக்கெழுச் சமன்பாடுகளை நேரத்தின் வழியே ஓட்ட வேண்டும், அந்த இடத்தில் அதன் வேகம் உதவும். ஆனால் அந்த மாற்றத்தின் வரைகோடுகள் உங்களிடம் இருக்க வேண்டுமே. டிரெஸ்டனில் வொல்ஃப்காங் கிளிப்பல் உருவாக்கிய அளவீட்டுக் கருவிகள் போன்றவை இருந்தால்தான் அவற்றைச் சரியாக அளக்க முடியும். அவை இல்லாமல் நேரிலா மாதிரி எழுதுவது ஊகத்துக்குப் பல தசமதானம் கொடுப்பதாகும். சி++ தேவைப்படும் நாள், கிராஸோவரை டிஜிட்டலாக்கி ஒரு சிப்பில் நிஜநேரத்தில் ஓட்டும் நாள். அப்போது நீங்கள் படித்த சி கைகொடுக்கும்.

எதில் எழுதினாலும் நிரலுக்குச் சில சோதனைகள் வையுங்கள். பெட்டியை ஆயிரம் லிட்டராக்கினால் ஒத்ததிர்வு எஃப்எஸ்ஸை நெருங்க வேண்டும். போர்ட் பெட்டிக்கு அருமையான சோதனை ஒன்று இருக்கிறது. இம்பிடன்ஸில் இரண்டு உச்சிகள் வரும், இழப்புகளை நீக்கிவிட்டால் அவற்றின் பெருக்கற்பலன் எஃப்எஸ்ஸையும் போர்ட் அதிர்வெண்ணையும் பெருக்கியதற்குச் சமம். நம் வூஃபரை 25 லிட்டரில் 38 ஹெர்ட்ஸுக்கு அமைத்தால் உச்சிகள் 22இலும் 60.5இலும் வர வேண்டும்: இரண்டையும் பெருக்கினால் ஏறக்குறைய 1,330, 35ஐயும் 38ஐயும் பெருக்கினாலும் 1,330. வராவிட்டால் நிரலில் எங்கோ தவறு. இதே அமைப்புக்கு 7 சென்டிமீட்டர் விட்டமுள்ள குழாய் சுமார் 27 சென்டிமீட்டர் நீளம் வேண்டும். அது பெட்டியின் ஆழத்துக்குள் அடங்குமா என்று நிரல் தானாகச் சொல்லாது, அதையும் ஒரு சோதனையாக எழுதிவையுங்கள்.

பிறகு 12.2 லிட்டருக்கு ஒரு சோதனைப்பெட்டி அடித்து, உள்ளே எதையும் வைக்காமல், காற்று கசியாமல் மூடி, இம்பிடன்ஸ் அளந்து பாருங்கள். உச்சி 65இல் வர வேண்டும். 58இல் வந்தால்? புது வூஃபர் பழகி இளகியதால் என்று உடனே சொல்லத் தோன்றும். நிரலில் எஃப்எஸ்ஸை 35இலிருந்து 32க்கு இறக்கிப் பாருங்கள். சஸ்பென்ஷன் இளகும்போது வாஸ் 36 லிட்டராகக் கூடவே ஏறும், பெட்டிக்குள் ஒத்ததிர்வு 63.5க்குத்தான் இறங்கும். எஃப்எஸ்ஸின் வர்க்கத்தை வாஸால் பெருக்கும்போது சஸ்பென்ஷனின் இளக்கம் அடிபட்டுப்போய், கோனின் பரப்பும் நகரும் எடையும் மட்டுமே மிஞ்சுவதுதான் காரணம். ஆகவே 58 வந்தால் சந்தேகப்பட வேண்டியது அந்த இரண்டையும்தான். கோனின் நடுவில் பத்து கிராம் களிமண்ணை ஒட்டி, பெட்டிக்கு வெளியே மறுபடி இம்பிடன்ஸ் அளந்து, இரண்டு வரைகோடுகளையும் ஒரே பொருத்தலில் கொடுங்கள். நகரும் எடை உங்கள் கைக்கு வந்துவிடும்.